‘நம்ம பேச்சு’ பழகுவது எப்படி: ஓல்சா ஆற்றங்கரைக்குக் குடிவருபவருக்கு

செக் குடியரசின் கிழக்குக் கோடியில், போலந்தும் ஸ்லோவாக்கியாவும் வந்து முட்டுகிற மலைமூலையில் ஒரு பேச்சு புழங்குகிறது. பேசுகிறவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘போ நஷிமு’. இதைத் தமிழில் சொல்லப் போனாலே சிக்கல். ‘நம்ம பேச்சு’ என்பதா, ‘எங்க பேச்சு’ என்பதா? எதிரில் நிற்பவரைச் சேர்த்துக்கொண்டால் நம்ம, வெளியே நிறுத்தினால் எங்க. போலிஷிலும் செக்கிலும் இந்த வித்தியாசம் கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். ஆனால் அந்த ஊரில் ஆறு மாதம் இருந்தால் இரண்டும் இருப்பது புரியும். புதிதாக வருகிறவருக்கு அது எங்க பேச்சு. நம்ம பேச்சாக மாறுவதற்கு என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஆஸ்ட்ராவாவில் படிக்க வருகிற பையன்கள், ட்ரினெட்ஸ் இரும்பாலையைச் சுற்றியுள்ள கம்பெனிகளில் வேலை கிடைத்தவர்கள், நோஷோவிட்ஸேயில் 2008-லிருந்து ஓடுகிற ஹூண்டாய் ஆலைக்கு வருகிறவர்கள், அந்த ஊர்ப் பெண்ணையோ பையனையோ கட்டிக்கொண்டவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயிலிருந்து வருகிறவருக்கு இயந்திரம் புதிதாக இருக்காது, மதியச் சாப்பாட்டு மேசையில் கேட்கும் பேச்சுதான் புதிதாக இருக்கும். நான் நாவ்ஸி என்ற ஊரில், வயதான ஓர் அம்மாவின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே சொல்வதில் பாதி அவர் சமையலறையில் கற்றது.

முதலில் பெயர்ப்பலகையைப் படியுங்கள்

ரயிலில் வந்தால் செஸ்கி டெஷின் நிலையத்தில் இறங்குவீர்கள். பலகையில் கீழே இன்னொரு பெயர் இருக்கும்: செஸ்கி சியெஷின். முதலாவது செக், இரண்டாவது போலிஷ். ட்ரினெட்ஸுக்கு ட்ஷினியெட்ஸ், பிஸ்ட்ரிட்ஸேக்குப் பிஸ்ட்ஷிட்ஸா, நாவ்ஸிக்கு நாவ்ஷே, யாப்லுன்கோவுக்கு யப்வோன்கூஃப். சிறுபான்மையினர் பத்தில் ஒரு பங்காவது இருக்கும் ஊராட்சியில் இப்படி இரட்டைப் பெயர் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. சில இடங்களில் கீழ்ப் பெயர்மேல் பெயிண்ட் பூசியிருப்பதையும் காணலாம். அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். முதல் மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

ஏன் இரண்டு பெயர் என்பதற்கான கதை நீளம், சுருக்கிச் சொல்கிறேன். இது ஒரு பழைய குறுநில நாடு, 1918 வரை ஆஸ்திரியாவின் கீழ் இருந்தது. அந்தப் பேரரசு சரிந்ததும் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் உரிமை கோரின. பொஹுமீனிலிருந்து கோஷிட்ஸேக்குப் போகும் ரயில்பாதை செக் தரப்புக்கு உயிர்நாடி, ஸ்லோவாக்கியாவுக்குப் போக அப்போது அதுதான் முக்கிய வழி. 1920 ஜூலை 28 அன்று வல்லரசுகளின் தூதர் மாநாடு ஓல்சா ஆற்றை எல்லையாக வைத்து நாட்டைக் கிழித்தது. கோட்டையும் பழைய சந்தையும் போலந்துக்கு, ரயில் நிலையம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. ஒரே ஊர் இரண்டு ஊராயிற்று. 1938 அக்டோபரில் போலந்துப் படை வந்து பிடித்தது, மறுவருடம் ஜெர்மனி வந்தது, போர் முடிந்ததும் 1920-ன் எல்லையே திரும்பியது. வீட்டை விட்டு நகராமலே நான்கு நாட்டுக் குடிமக்களாக இருந்த கிழவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

மேற்கே செக் பக்கம் மாட்டிக்கொண்ட இந்தப் பகுதிக்குப் போலிஷில் ‘ஸாஓல்ஜே’ என்று பெயர், ‘ஓல்சாவுக்கு அப்பால்’ என்று பொருள். யாருக்கு அப்பால்? ஆற்றின் போலந்துக் கரையில் நிற்பவருக்கு. உள்ளூர்ப் போலிஷ்காரர்களே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், ஆனால் செக் அண்டை வீட்டார் பலருக்கு அது காதில் உறுத்தும். நீங்கள் ‘டெஷின்ஸ்கோ’ (டெஷின் வட்டாரம்) என்றோ, வெறுமனே ஊர்ப்பெயரைச் சொல்லியோ பேசினால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள்.

செக் மொழியை ஒதுக்கிவிடாதீர்கள்

ஊர்ப் பேச்சு இனிக்கிறதே என்று நேரே அதில் இறங்கப் பார்ப்பார்கள் சிலர். அலுவலகம், மருத்துவமனை, வங்கி, ரயில் டிக்கெட் எல்லாம் செக்கில்தான். அதில் நூறு வாக்கியமாவது வாயில் வந்த பிறகே இந்தப் பக்கம் திரும்புங்கள். போ நஷிமு பேசுகிற அனைவருக்கும் செக் நன்றாகத் தெரியும். அந்நியரைக் கண்டால் தன்னிச்சையாக அதற்கு மாறிவிடுவார்கள். இந்த மாற்றத்தைக் கவனிப்பதே உங்கள் முதல் பாடம்.

ட்ரினெட்ஸில் ஷிஃப்ட் முடிந்து தெற்கே போகும் ரயிலில் உட்கார்ந்து பாருங்கள். நான்கு பேர் எதிரெதிரே. மூவருக்குள் ஊர்ப் பேச்சு ஓடும், நான்காமவரைப் பார்த்ததும் அதே வாக்கியத்தின் நடுவில் செக் வரும், திரும்பியதும் மறுபடி பழையபடி. போலிஷ் பள்ளியிலும் இதுதான். வகுப்பில் நூல் போலிஷ் (புத்தகத்தில் எழுதுகிற போலிஷ்), இடைவேளை மணி அடித்ததும் போ நஷிமு, பள்ளிக்கு வெளியே ஐஸ்கிரீம் கடையில் செக். பத்து வயதுப் பிள்ளை ஒரு நாளில் மூன்று தளத்தில் ஏறி இறங்குகிறது. நாமும் வீட்டில் ஒன்று, மேடையில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று பேசி வளர்ந்தவர்கள் என்பதால் இது நமக்கு அதிசயமாகத் தோன்றாது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் திணறுவார்கள்.

கேட்கக் கூடாத கேள்வி

“இது போலிஷா, செக்கா?” இதைக் கேட்காதீர்கள்.

இந்தப் பகுதியும் சேர்ந்த பழைய நிலப்பரப்புக்கு சைலீசியா என்று பெயர். போலிஷ் மொழியியலாளர்கள் இதைப் போலிஷின் சைலீசிய வட்டார வழக்குகளில் ஒன்றாக வைக்கிறார்கள். செக் தரப்பில் ‘கலப்பு வழக்கு’ என்று சொன்னவர்கள் உண்டு. தாங்கள் போலிஷும் இல்லை செக்கும் இல்லை, சைலீசியர் என்று அரசியலே நடத்தியவர்களும் உண்டு. அந்த இயக்கத்தின் தலைவர் யூசெஃப் கோஜ்டோன் 1923-லிருந்து 1938 வரை செஸ்கி டெஷினின் மேயராக இருந்தார். இன்றும் இந்தப் பேச்சைப் பேசுகிற எல்லோரும் தங்களைப் போலிஷ்காரர் என்று எழுதிக்கொள்வதில்லை. செக் என்று பதிந்தவர் வீட்டிலும் இதே பேச்சு கேட்கும். மக்கள்தொகைக் கணக்கில் போலிஷ் இனத்தவர் என்று பதிந்தோர் செக் நாடு முழுவதும் 2001-ல் 51,968, 2011-ல் 39,096. பெரும்பாலோர் இந்தப் பகுதியில்தான். பேச்சைக் காதில் கேட்கிறவருக்கு இந்த எண் போதாது என்று தோன்றும்.

“எந்த ஊர்க்காரர் நீங்கள்?” என்று கேளுங்கள், அதற்கு அழகான விடை வரும். ‘ஸ்டெலா’ என்ற ஒரு சொல். ‘இங்கேயிருந்து’ என்று அர்த்தம். நான் ஸ்டெலா, அவர் ஸ்டெலா இல்லை. எந்த நாடு, எந்த இனம் என்ற கேள்விகளை எல்லாம் இந்த ஒரு சொல்லால் தாண்டிவிடுவார்கள்.

காதைப் பழக்குங்கள்

நூல் போலிஷ் கொஞ்சம் படித்திருந்தால் சில சூத்திரங்கள் உடனே கைகொடுக்கும். முதலாவது: போலிஷில் ‘ஆ’ வருகிற பல இடங்களில் இங்கே ‘ஓ’ வரும். பறவை போலிஷில் ப்டாக், இங்கே ப்டோக். புல் ட்ராவா, இங்கே ட்ரோவா. ‘நான்’ என்பது போலிஷிலும் செக்கிலும் யா, இங்கே யோ. இதில் ஒரு வேடிக்கை: செக்காரர் பேச்சுவழக்கில் ‘யோ’ என்றால் ‘ஆமாம்’. ஊர்ப் பேச்சில் ஆமாமுக்கு ஜெர்மன்காரர் போல ‘யா’. ஆக ஒருவருக்கு நான் என்பது மற்றவருக்கு ஆமாம், ஒருவருக்கு ஆமாம் என்பது மற்றவருக்கு நான். முதல் வாரம் தலை சுற்றும்.

‘எ’ வருகிற சில இடங்களில் ‘இ’ வரும்: ரொட்டி ஹ்லெப், இங்கே ஹ்லிப், பால் ம்லெகோ, இங்கே ம்லிகோ. வினைமுற்றில் ‘நான் போகிறேன்’ போலிஷில் இடெ, இங்கே இடிம். ‘யோ இடிம் டோம்’ என்றால் நான் வீட்டுக்குப் போகிறேன். இறந்தகாலத்தில் தன்மை விகுதியைக் காதில் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியது போல. ‘இருந்தேன்’ போலிஷில் பிவெம், இங்கே பிவெஹ், ‘செய்தேன்’ ரோபிவெஹ். அந்தக் கடைசி ‘ஹ்’ போலிஷில் எப்போதோ உதிர்ந்துபோன பழைய காலவடிவத்தின் மிச்சம். (தமிழ் எழுத்தில் இவை எல்லாம் கிட்டத்தட்டத்தான், ஒலியை வாயைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.)

அழுத்தம் இன்னொரு நல்ல அடையாளம். செக் சொல்லுக்கு முதல் அசையில் அழுத்தம் விழும், போ நஷிமுவில் போலிஷ் போலக் கடைசிக்கு முந்தின அசையில். சொல் ஒன்றுகூடப் புரியாவிட்டாலும் தாளத்தை வைத்தே பக்கத்து மேசையில் எது ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

தெற்கே மலைக்குள் போகப் போக ஒலி மாறும். யாப்லுன்கோவைச் சுற்றி ஒரு பழக்கம் உண்டு, மொழியியல் நூல்களில் அந்த ஊர்ப்பெயராலேயே ‘யப்வோன்கோவானியே’ என்று வழங்குகிறது. நூல் போலிஷில் மூன்று வரிசை இருக்கிறது: பல்லை ஒட்டிய ஸ, மெல்லிய ஷ, தடித்த ஷ. போலிஷ் கற்கிற எந்த வெளிநாட்டவரும் இரண்டு ஷ-க்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அழுவார். யாப்லுன்கோவ்காரர்கள் அவை இரண்டையும் சேர்த்து நடுவில் ஒன்றாக்கிவிட்டார்கள். நம் ஊரில் ழ-வை ள-வாகச் சொல்பவரைக் கேலி செய்வது போல அக்கம்பக்கத்தார் இவர்களைக் கேலி செய்வார்கள். எனக்கோ அது பெரிய உபகாரம். இரண்டு ஷ-வைப் பிரித்துச் சொல்ல வராத என் நாக்கு, நாவ்ஸியில் குறையில்லாத நாக்காகிவிட்டது.

சொற்களை அடுக்கடுக்காகப் பிரியுங்கள்

அகராதி போட்டு மனப்பாடம் செய்வதைவிட, ஒரு சொல் எந்த வழியாக வந்தது என்று பார்ப்பது வேலைக்கு ஆகும். அடித்தளம் போலிஷ். அதன்மேல் ஆஸ்திரியக் காலத்து ஜெர்மன்: ரயில் ட்ஸுக், கோட்டு சூட்டு ஆன்ட்ஸுக், காலுறை ஃபுசெக்லே, துணி தேய்ப்பது பிக்லோவாச், பின்னுவது ஷ்ட்ரிகோவாச், அடுப்பு மூட்டிச் சூடேற்றுவது ஹைட்ஸோவாச். வீட்டுச் சாமான், தையல், தொழிற்சாலை இவற்றில் ஜெர்மன் மணக்கும். அதற்கும் மேலே, 1920-க்குப் பிறகு, செக் படிந்தது. ஓய்வூதியம், விடுமுறை, ஐஸ்கிரீம் போன்ற புதுக்காலத்துச் சொற்களும் அலுவலகச் சொற்களும் செக்கிலிருந்து நேரே வந்து உட்கார்ந்துவிட்டன. ஆற்றின் போலந்துக் கரையில் அதே பேச்சைப் பேசுகிறவருக்கு இந்த மேலடுக்கு புரியாது. ஒரே பாட்டியின் இரண்டு பேரன்கள், ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், காய்கறிக்கு ஒரே சொல் வைத்திருப்பார்கள், அடையாள அட்டைக்கு வேறு வேறு சொல்.

இவற்றுக்கு நடுவே எனக்கு மிகப் பிடித்த அடுக்கு ஒன்று இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு கார்பாத்திய மலைத்தொடரின் முதுகிலேயே ஆடு ஓட்டிக்கொண்டு தென்கிழக்கிலிருந்து இடையர்கள் வந்தார்கள், வலாக்கியர் என்பார்கள். வந்தவர்களின் மொழி கரைந்துபோயிற்று. ஆட்டுப் பட்டியில் மட்டும் சொற்கள் தங்கின. ஆட்டுப்பால் சீஸ் ப்ரின்ஜா, ருமேனிய மொழியில் ப்ரின்ஸா. பால் கறக்கும் மரவாளி கியெலாட்டா, ருமேனியத்தில் கலியாட்டா. சீஸ் எடுத்தபின் மிஞ்சும் மோர் போன்ற பானம் ஜிண்டிட்ஸா, அதுவும் அங்கிருந்துதான். மூத்த இடையருக்குப் பாச்சா. மலைமேல் ஒரு பட்டியில் போய் நின்றால், போலந்திலிருந்து ருமேனியா வரை ஒரே மந்தைச் சொற்கள் ஓடுவது தெரியும்.

உருளைக்கிழங்கை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். செக்கில் ப்ராம்போரி, போலிஷில் ஜெம்னியாகி, இங்கே கோப்ஸோலே. சந்தையில் கிழங்கு விற்கிற அம்மாவிடம் இந்த மூன்றாவது சொல்லைச் சொன்ன அன்று எனக்கு இரண்டு கிழங்கு கூட விழுந்தது.

‘பாட்டி சொன்னாங்க’

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். ஊர்ப் பேச்சில் பெரியவர்களை ஒருமையில் அழைக்க மாட்டார்கள். நீங்கள் என்று பன்மையில் அழைப்பது மட்டுமில்லை, அவர்கள் எதிரில் இல்லாதபோதும் பன்மையில்தான் குறிப்பிடுவார்கள். பாட்டிக்கு ஸ்டார்க்கா. நூல் போலிஷ் இலக்கணப்படி ‘பாட்டி சொன்னாள்’ என்றால் வினை பெண்பால் ஒருமையில் ‘பிராவிவா’ என்று முடிய வேண்டும். இங்கே ‘ஸ்டார்க்கா பிராவிலி’. பன்மை, அதிலும் ஆண்கள் கூட்டத்துக்கு வரும் பன்மை. பாட்டி ஒருத்திதான், வினை மட்டும் பல ஆண்கள். வார்சாவாக்காரர் காதில் விழுந்தால் சிரிப்பார். நமக்குச் சிரிப்பு வராது. ‘பாட்டி சொன்னாங்க’ என்பதில் அந்த ‘ஆங்க’ ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று நாம் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

எனவே இந்த விஷயத்தில் தமிழ் மனதை அப்படியே கொண்டுவாருங்கள், மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை. அம்மா வந்தாங்க, மாமா போனாங்க, தாத்தா தூங்குறாங்க என்று நினைத்து வினையைப் பன்மையில் போட்டால் சரியாக விழும். செக் மொழியின் மரியாதை வடிவம் வேறு மாதிரி: துணைவினை பன்மையில் வரும், ‘இருந்த’ என்கிற பகுதி ஒருமையில் நின்று ஆண்பால் பெண்பால் காட்டும். நூல் போலிஷிலோ ‘பான்’, ‘பானி’ என்று ஐயா, அம்மையார் போட்டுப் படர்க்கையில் பேசுவார்கள், அது ஆசிரியருக்கும் அலுவலருக்கும். வீட்டுப் பெரியவரை ‘பானி’ என்று கூப்பிட்டால் எட்ட நிறுத்துவது போல ஆகும்.

உறவுச் சொற்களில் இன்னும் சில: தாத்தா ஸ்டார்ஜிக், மாமா உயெட்ஸ், அத்தை சித்தி இருவருக்கும் சியோட்கா. உறவு இல்லாத ஊர்ப் பெரியவரையும் உயெட்ஸ் என்பதுண்டு, நாம் ஆட்டோக்காரரை அண்ணா என்கிற மாதிரி. இளையவர்கள் இப்போது அப்பா அம்மாவை ஒருமையில் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள், அது அவர்கள் வீட்டு விஷயம். வெளியிலிருந்து வந்த நீங்கள் பன்மையை விடாதீர்கள்.

குழிகள்

செக்கில் ‘செர்ஸ்ட்வி’ ரொட்டி என்றால் அப்போதுதான் சுட்டது. போலிஷில் அதே சொல்லுக்குக் காய்ந்து போனது. ‘ஸ்க்லெப்’ போலிஷில் கடை, செக்கில் நிலவறை. ‘ஷுகாச்’ போலிஷில் தேடுவது, செக் காதில் அது பச்சைக் கெட்டவார்த்தை. ஊர்ப் பேச்சில் தேடுவதற்கு ‘ஹ்லாடாச்’ என்று பாதுகாப்பான சொல் இருக்கிறது, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ‘கிபெல்’ இங்கே வாளி, போலந்தில் பேச்சுவழக்கில் கக்கூஸ். ஆற்றைக் கடந்து போய் வாளி கேட்டால் கதவைக் காட்டுவார்கள். ‘ஜோஞ்ஜிச்’ இங்கே பேசுவது, நூல் போலிஷில் அதன் உடன்பிறப்பு ஆட்சி செய்வதைக் குறிக்கும். “உங்களுக்கு போ நஷிமு ஜோஞ்ஜிச் வருமா?” என்று வார்சாவாக்காரரைக் கேட்டால் அவர் தன்னை ஆளக் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கக்கூடும்.

மிகப் பெரிய குழி ‘கோரோல்’. யாப்லுன்கோவ் பக்கத்தில் அது மலைக்காரர், நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற பெயர். அங்கிருந்து வடக்கே போலந்தின் சைலீசியச் சுரங்க நகரங்களுக்குப் போனால் அதே சொல் வெளியூரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவனைக் குத்தும் வசைச்சொல். இடம் பார்த்துச் சொல்லுங்கள். ஊர் தெரியாவிட்டால் சொல்லவே வேண்டாம்.

எங்கே போய் உட்காருவது

ஆகஸ்டின் முதல் வார இறுதியை இதற்காக ஒதுக்கிவிடுங்கள். யாப்லுன்கோவ் ஊர்த் தோப்பில் ‘கோரோல்ஸ்கி ஷ்வியென்டோ’ என்ற மலைக்காரர் திருவிழா நடக்கும். நடத்துவது 1947-ல் தொடங்கிய போலிஷ் பண்பாட்டு, கல்விச் சங்கம், சுருக்கப் பெயர் பெஸெட்காஓ. மேடையில் பாட்டும் ஆட்டமும் இருக்கட்டும், நீங்கள் சாப்பாட்டுக் கொட்டகை வரிசையில் நில்லுங்கள். ஒவ்வோர் ஊர்க் கிளையும் ஒரு கொட்டகை போட்டிருக்கும். உருளைக்கிழங்கு அடையைக் கல்லில் திருப்பியபடி பெண்கள் ஒருவரை ஒருவர் அதட்டுவார்கள் பாருங்கள், அதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பிலும் கிடைக்காது. மியோடுலா என்ற தேன் மது ஒரு சின்னக் கோப்பை வாங்கிக்கொண்டால் நின்றுகொண்டே கேட்கலாம். இரண்டாவது கோப்பைக்குப் பிறகு அந்த மூன்று வரிசையும் ஒன்றாகிவிடும், பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும்.

சங்கத்துக்குப் பல ஊர்களில் சொந்தக் கட்டடம் உண்டு. குளிர்கால மாலைகளில் நாடகம், பாட்டுக்குழு, கிழவர்களின் சீட்டாட்டம். வாசல் கதவு பூட்டியிருக்காது. செஸ்கி டெஷின் நாடக அரங்கில் 1951-லிருந்து போலிஷ் குழு ஒன்று நிரந்தரமாக இயங்குகிறது, ஆனால் அங்கே நூல் மொழிதான் கேட்கும். ஊர்ப் பேச்சைத் தேடிப் போனால் ஏமாறுவீர்கள், நாடகத்துக்காகப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயமும் நல்ல இடம், காரணம் வரலாற்றில் இருக்கிறது. போலிஷ் பேசும் மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், இந்தப் பகுதியில் மட்டும் லூத்தரன்கள் நிறைய. பேரரசு அவர்களை ஒடுக்கிய காலத்தில் 17-ஆம் நூற்றாண்டில் சாமுவேல் டாம்ப்ரோவ்ஸ்கி எழுதிய போலிஷ் பிரசங்க நூலை வீட்டுக்குள் வைத்து வாசித்தார்கள். 1709-ல், இன்று ஆற்றின் போலந்துக் கரையில் இருக்கும் சியெஷினில், இயேசு தேவாலயம் கட்ட அனுமதி கிடைத்தது. 1720-களில் அங்கே பிரசங்கித்தவர்களில் ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். அதே ஹாலேயில் படித்த சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் கப்பலிறங்கித் தமிழ் கற்றவர். உழவர் வீட்டில் புத்தக மொழி இவ்வளவு காலம் தங்கியதால்தான் இன்றும் நாவ்ஸிப் பாட்டி வீட்டில் ஒன்று பேசி, ஜெபத்தில் வேறொன்று பேசுகிறார். வாசலில் கூட்டம் கலையும் நேரத்தில் நில்லுங்கள், ஜெபமொழி அப்படியே பேச்சுமொழியாகக் கரைவதைக் கேட்கலாம்.

படிக்க விரும்புகிறவருக்கு யாத்விகா வ்ரோனிச் பதிப்பில் 1995-ல் வந்த வட்டார அகராதி இருக்கிறது, ஆற்றின் இருகரைச் சொற்களும் அதில் உண்டு. அடாம் வாவ்ரோஷ், அனியெலா குபியெட்ஸ், வ்வாடிஸ்வாவ் ம்வினெக் ஆகியோர் இந்தப் பேச்சிலேயே எழுதியவர்கள். எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும், உரக்க வாசித்தால் புரியும்.

வாயை எப்போது திறப்பது

அவசரப்படாதீர்கள். கடையில் முன்பின் தெரியாதவரிடம் நீங்களாகப் போ நஷிமுவில் தொடங்கினால், நல்லெண்ணத்தில் செய்தாலும் கேலி செய்வது போலப் படக்கூடும். வெளியூர்க்காரர் ஒருவர் நம்மிடம் வந்து சினிமாவில் பார்த்த கொங்குத் தமிழைப் பேசிக் காட்டினால் எப்படி இருக்கும்? செக்கிலேயே தொடங்குங்கள். பதில் ஊர்ப் பேச்சில் வரும் நாள் ஒன்று வரும். அப்போதும் முழு வாக்கியத்துக்குப் பாயாமல் ஒரு நன்றி மட்டும்: ‘ஜின்குயிம்’. அடுத்த மாதம் விடைபெறும்போது ‘ஸோஸ்டாஞ்சே ஸ் போகிம்’, ஆண்டவனோடு இருங்கள். வீட்டுக்கு அழைத்தால் ‘போய்ச்சே கு நோம்’ என்பார்கள். நம் காதில் ‘போய்’ என்று விழுந்து திரும்பி நடக்கத் தோன்றும். ‘எங்க வீட்டுக்கு வாங்க’ என்று அர்த்தம், உள்ளே போங்கள்.

கல்யாண வீட்டுக் கோலோச் பலகாரம் ஒரு துண்டு கையில் கொடுத்தால் மறுக்காதீர்கள். ஈஸ்டருக்கு மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் முர்ஜின் வரும். சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

வீட்டுக்கார அம்மா என்னிடம் ஏழெட்டு மாதம் செக்கில்தான் பேசினார், சுத்தமாக, மரியாதைப் பன்மையில். பக்கத்திலேயே நின்ற பேரனிடம் ஊர்ப் பேச்சு, என் பக்கம் திரும்பினால் செக். பேரன் அவரை ஸ்டார்க்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு நானும் ஒரு நாள் விளி வேற்றுமையில் ‘ஸ்டார்க்கோ’ என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது: “காய் இஜேஷ்?” எங்கே போறே? நீங்க இல்லை, நீ. செக் இல்லை. பேரனைக் கேட்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன், பேரன் அங்கே இல்லை.

“டோ ரோபோடி, ஸ்டார்க்கோ” என்றேன். வேலைக்கு, பாட்டி.

ஜன்னல் வழியே பனியைப் பார்த்துவிட்டு, சோப்காவை எடுத்துக்கோ என்றார். போலிஷில் தொப்பி சாப்கா. ‘ஆ’ ஓ-வாகியிருந்தது. மறுபடி மாடியேறித் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தேன்.